பதினைந்தாயிரமா, எண்பதாயிரமா?

கே: வாட்ஸ்அப், ஜிபே, யூடியூப். இதற்கு எண்பதாயிரம் ரூபாய் போன் அவசியமா? (திண்டுக்கல் வாசகர்)

ப: அவசியம்தான், கடைக்காரருக்கு.

கே: பதினைந்தாயிரம் ரூபாய் போனில் 108 மெகாபிக்சல் கேமரா. எண்பதாயிரம் கொடுத்தால் 50தானா? (மன்னார்குடி வாசகர்)

ப: அந்த 108-இல் ஒன்பது ஒன்பது பிக்சலாகச் சேர்த்து, வழக்கமாகக் கைக்கு வருவது 12 மெகாபிக்சல் படம்தான். வெளிச்சத்தை வாங்குவது சென்சாரின் அளவு. விளம்பரத்துக்கு வருவது எண்ணிக்கை. பட்டப்பகலில் எடுத்த இரண்டு படங்களை வைத்து எது விலை கூடிய போன் என்று சொல்வது கஷ்டம். ராத்திரி திருவிழாவில், ஓடுகிற பேரனை எடுத்துப் பாருங்கள்: மலிவு போனில் சட்டை தெரியும், முகம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். கூடவே ஒரு 2 மெகாபிக்சல் 'மேக்ரோ' இருக்குமே, அது ஒப்புக்குச் சப்பாணி.

கே: மலிவு போன் இரண்டே வருஷத்தில் நொண்டுகிறதே? (தேனி வாசகி)

ப: பிராசஸரை மட்டும் திட்டாதீர்கள், ஸ்டோரேஜையும் கவனியுங்கள். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இஎம்எம்சி வகை. சற்று மேலே போனால் யூஎஃப்எஸ். முன்னது ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். பின்னது இரண்டையும் சேர்த்தே செய்யும். டீக்கடையில் சிக்னல் முழுசாக இருந்தும், பின்னால் நாலு பேர் நிற்க, ஸ்கேனர் திறக்காமல் வட்டம் சுற்றுகிறதே, அதில் இந்த இஎம்எம்சிக்கும் பங்குண்டு. 'கூடுதலாக 8 ஜிபி விர்ச்சுவல் ரேம்' என்பது அதே மெதுவான ஸ்டோரேஜிடம் வாங்கிய கைமாற்று.

வேகம் இருக்கட்டும். வங்கிக் கணக்கே போனில் இருக்கும்போது, கடையில் முதலில் கேட்க வேண்டியது பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் என்று. பிக்சல் 8 (2023), கேலக்ஸி எஸ்24 (2024) போன்கள் இரண்டுக்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தார்கள். அதற்காக லட்சத்தை நெருங்க வேண்டாம். 2024-இல் கேலக்ஸி ஏ16 5ஜி வந்தபோது அதன் தொடக்க விலை இருபதாயிரத்துக்குள்தான். அதற்கும் ஆறு வருஷம்.

கே: ஐபி68 போனோடு குற்றாலத்தில் குளிக்கலாமா? (சங்கரன்கோவில் வாசகர்)

ப: சோதனை நடந்தது அசையாத நல்ல தண்ணீரில். பேரருவிக்கு அது தெரியாது. தண்ணீர் புகுந்தால் வாரண்டியும் பொதுவாகக் கைவிரிக்கும்.

கே: நோ காஸ்ட் இஎம்ஐ? (ஈரோடு வாசகர்)

ப: வட்டியளவுக்குத் தள்ளுபடி என்று காட்டிவிட்டு, அதே வட்டியைத் தவணையில் வாங்குவார்கள். கிரெடிட் கார்டில் என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். ரொக்கத்துக்குக் குறைப்பாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கே: கல்லூரியில் சேர்ந்த மகன் ஐபோன்தான் வேண்டும் என்கிறான். (வேலூர் வாசகி)

ப: அவன் கேட்பது போனின் பின்பக்கத்தை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். செட்டிங்ஸில் பேட்டரியின் திறன் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். ஒரிஜினல் பில் கேளுங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். களவுபோய் முடக்கிய போன் என்றால் காட்டிவிடும். பணத்தை அதற்குப் பிறகு எடுங்கள்.