நாலு ஸ்பேஸ் அண்ணன்

ஹைதராபாத்தில் மாதாப்பூர் பக்கம் எந்த ஐ.டி. ஆபீஸுக்குள் நுழைந்தாலும் ஒரு நாலு ஸ்பேஸ் அண்ணன் இருப்பார். எங்கள் டீமில் இருப்பவர் தென்காசிக்காரர். 1998ல் சைபர் டவர்ஸ் திறந்த சூட்டோடு ரயிலேறி வந்து, அமீர்பேட்டையில் கோர்ஸ் படித்து, இங்கேயே வேர்விட்டவர். தெலுங்குக்காரர்கள் ‘நாலுகு காரு’ என்று கூப்பிடுவார்கள். மரியாதையா, கிண்டலா என்று அவர் விசாரித்ததில்லை.

விவகாரம் இதுதான்: கோடு எழுதும்போது வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். தள்ளுவது டேப்பாலா, ஸ்பேஸாலா? திரையில் இரண்டுமே வெறும் வெள்ளை. “கண்ணுக்கே தெரியாததுக்கா இவ்வளவு சண்டை?” என்று மதினி ஒருநாள் கேட்டிருக்கிறார். “சாமி மட்டும் தெரியுதாக்கும்?” என்றாராம் அண்ணன்.

ரிவ்யூவுக்கு உட்கார்ந்ததும் எடிட்டரில் வெற்றிடத்தைக் காட்டும் வசதியைப் போட்டுவிடுவார். ஸ்பேஸ் எல்லாம் புள்ளியாகவும் டேப் எல்லாம் அம்பாகவும் தெரியும். புள்ளி வரிசையைக் கண்டால், கோலத்துக்குப் புள்ளி வைத்த மார்கழி வாசலைப் பார்த்தது போல முகம் மலரும். அம்பு ஒன்று தட்டுப்பட்டதோ, தொலைந்தோம். வட்டியை இரண்டு தரம் கூட்டுகிற ஃபங்ஷன் ஒன்று போன வருஷம் அவர் ஒப்புதலோடுதான் வெளியே போனது. புள்ளியெல்லாம் கச்சிதமாக இருந்தது.

2001ல் பைதான் மொழிக்காக எழுதிய பெப் 8 என்ற நடைக் கையேடுதான் அவருக்கு வேதம். நாலு ஸ்பேஸ் என்று அதிலேயே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் டேப்தானே, அதுவும் எட்டெழுத்து அகலம் ஆயிற்றே என்றால், “அது குளிர்நாட்டுப் பழக்கம் தம்பி” என்பார். கோ மொழியின் ஃபார்மேட்டர் டேப்தான் போடுகிறது என்றால் காது கேட்காது.

இத்தனை பேசுகிறவர் ஸ்பேஸ் பாரை நாலு தரம் தட்டுகிறார் என்றா நினைக்கிறீர்கள்? டேப் கீயைத்தான் அமுக்குகிறார். எடிட்டர் அதை நாலு ஸ்பேஸாக்கிக் கொடுக்கிறது. கேட்டால், “அமுக்குறது எதுவா இருந்தா என்னடே, விழுறது என்னங்கிறதுதான் கணக்கு.”

போன மாதம் அந்தக் கணக்கு உதைத்தது. புரோகிராமைக் கட்டித்தரும் ‘மேக்’ கருவிக்கான மேக்ஃபைல் ஒன்றைத் திருத்த உட்கார்ந்தார். மேக் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று திட்டிவிட்டு நின்றுவிட்டது. மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும். 1976ல் பெல் லேப்ஸில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், அது சரியில்லை என்று சீக்கிரமே உணர்ந்தாலும், அதற்குள் சேர்ந்துவிட்ட பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சங்கடம் வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். அன்றிலிருந்து சங்கடம் நமக்கு.

அண்ணன் டேப் கீயை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். எடிட்டர் வளர்த்தவர் பேச்சை மீறாமல் நாலு நாலு ஸ்பேஸாகவே போட்டது. கடைசியில் டேப் கட்சி வாரங்கல் பையனின் நாற்காலிப் பக்கம் போய், குரலைத் தணித்து, “பாபு, ஒரே ஒரு டேப் இருந்தா காப்பி பண்ணிக் குடேன்” என்றார்.

சாயங்காலம் பையனுக்கு ஈரானி சாயும் ஒரு தட்டு உஸ்மானியா பிஸ்கட்டும் அண்ணன் செலவு. கூடப் போன என்னிடமும் ஒரு பிஸ்கட்டை நீட்டி, “நீ ஒண்ணும் பாக்கலடே” என்றார்.