மைக் டெஸ்ட்டிங், ஒன், டூ, பொன்னாடை

பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வழிவந்த ஃபங்க், சோல் இசை விழாக்களில் டிரம்ஸ் முழங்கினால் விழா தொடங்கியது என்று பொருள். காரைக்காலிலும் பொங்கலையொட்டித் திறந்தவெளி கார்னிவல் உண்டு. ஆனால் நம் பக்கத்து மேடைகளில் முதல் கச்சேரி எப்போதும் பொன்னாடைக் கச்சேரிதான். மைக்கைத் தட்டி, ஊதி, வரிசையாக ‘அவர்களே, அவர்களே’ என்று விளித்து முடிப்பதற்குள் கீபோர்டுக்காரர் இரண்டு பஜ்ஜி தின்று, எண்ணெய்க் கையைக் காகிதத்தில் துடைத்துவிடுவார்.

இவ்வூரில் பிறந்த காரைக்கால் அம்மையார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைவிட நல்ல விழா பார்த்தவர். இடம்: திருவாலங்காட்டுச் சுடுகாடு; ஆட்டம்: சிவபெருமான்; கூட்டம்: பேய்கள். சுரங்களையும், தக்கை, வீணை, மத்தளம், குடமுழா என்று வாத்தியங்களையும் பதிகத்தில் அடுக்குகிறார். வரவேற்புரை, வாழ்த்துரை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. நாயன்மார்கள் வரிசையில் உட்கார்ந்த கோலத்தில் இருப்பவர் அவர். கச்சேரி முடியும்வரை எழுந்து போகாத ரசிகை.

ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசிப் பழகிய ஊர் இது. தை மாதத்தில் மாம்பழம் கிடைக்காதென்று பேச்சாளர்கள் தைரியமாக இருக்க வேண்டாம். தக்காளி எல்லா மாதமும் கிடைக்கும்.