வெந்நீர் வைத்தியம்

டாக்டர்களுக்கும் மிஸ்ஸிகள் என்று நாம் கூப்பிடும் தாதியருக்கும் மன அழுத்தமாம். ஏன் வந்தது? 2020 மார்ச்சிலேயே மலேசியாவின் அன்றைய சுகாதார அமைச்சர் அதாம் பாபா தொலைக்காட்சியில் மருந்து சொல்லிவிட்டாரே! வெந்நீர் குடித்தால் கொரோனாக் கிருமி வயிற்றுக்குள் இறங்கி, அமிலத்தில் செத்துவிடும். கிருமிக்கே வெந்நீர் போதுமென்றால் மனசுக்குக் கைதட்டல் போதாதா? தட்டினோம். நன்றி சொல்லிப் பதாகையும் கட்டினோம். அதே மாதம் சில மருத்துவமனைகளில் குப்பைப் பையை வெட்டிக் கவச உடை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அழுகை வந்தால் பேச ஒரு தொலைபேசி எண்ணும் வந்தது. சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியா தொண்டு அமைப்பும் சேர்ந்து திறந்தது. மறுமுனையில் பொறுமையாகக் கேட்டவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் கவச உடை மாட்டினால் தண்ணீர் குடிக்க முடியாது, ஒன்றுக்குப் போக முடியாது. ஜெனரல் ஆஸ்பத்திரி மிஸ்ஸி எந்தக் கையால் போனை எடுப்பார்? அமைச்சரின் வெந்நீரைத்தான் எந்த வாயால் குடிப்பார்?

எடுத்தாலும் என்ன சொல்வது? 2016 இறுதியிலிருந்து புது டாக்டர்கள் ஒப்பந்தக் கூலிகள். 2021 வரை சேர்ந்தவர்கள் 23,000-க்கும் மேல். அதுவரை நிரந்தரப் பணி கிடைத்தது 789 பேருக்கு. தோட்டத்துக் கங்காணிகூட இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்த்ததில்லை. மனம் உடைந்து உயிரை மாய்க்க முயன்றவருக்கோ, தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு ஓராண்டு வரை சிறை வைத்திருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது 2023-ல். பெருந்தொற்றுக் காலம் முழுக்க அவர்களுக்கென்று அரசு நிரந்தரமாக ஒதுக்கியிருந்த இடம் அந்தச் சிறை ஒன்றுதான்.

2021 ஜூலை 25-ல் ஒரே நாளில் 17,045 பேருக்குத் தொற்று. மறுநாள் காலை 11 மணிக்கு, பினாங்கு உட்பட நாடெங்கும் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புச் சட்டையில் வெளியே வந்து நின்றார்கள். நோயாளிகளை மூத்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தார்கள். உடனே போலீசுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அதே நாளில்தான், அவசரகாலத்தைக் காட்டி மாதக்கணக்கில் பூட்டிவைத்த நாடாளுமன்றமும் திறந்தது. அங்கே சிலருக்குத் தொற்று என்றதும் ஆகஸ்ட் 2 கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். மாண்புமிகுக்களின் நுரையீரல் விலை உயர்ந்தது. தொற்று வந்துவிட்டது என்று வார்டை ஒத்திவைக்க எந்த டாக்டருக்காவது வழி உண்டா?

2022 ஏப்ரலில் பினாங்கு மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர் ஒருவர் இறந்தார். வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. காரணத்தை ஊகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் பகடிவதை என்ற சொல் அமைச்சின் காதில் ஏறியது. அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் குழு அமைத்தார், குழு அறிக்கை தந்தது. ஒரு பிணம் விழாமல் குழு கூடாது என்பது நம் நிர்வாக மரபு.

பினாங்கு வாக்காளர்களே, அடுத்த தேர்தலில் கும்பிட்டு வருகிறவரிடம் மருத்துவர்களைப் பாராட்டச் சொல்லாதீர்கள். எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாசலிலேயே நிற்கட்டும். தாகமென்றால் வெந்நீர் கொடுங்கள்.