ஸ்டியரிங் மாத்தப் போற மருமவனுக்கு

ஏ மருமவனே, டெக்சாஸ்ல நீரு ஒரு கிழட்டுப் பிக்கப் வாங்கியிருக்கீருன்னு கேள்விப்பட்டேன். 1966-ல செஞ்ச செவர்லே சி10. சந்தோசம்வே! இங்க உம்ம அப்பன் விட்டுட்டுப் போன அம்பாசடரை, ‘பழசு, எடத்தை அடைக்கு’ன்னு எடைக்குப் போட்டவரு நீரு. அங்க போயி டாலரைக் கொட்டி, உம்மைவிட மூத்த வண்டிய வீட்டு முன்னால நிறுத்தியிருக்கீரு. படிச்சவன் செஞ்சா பொழுதுபோக்கு, நான் செஞ்சா கிறுக்கு. சரி, இருக்கட்டும்.

அதோட விட்டீரா? பழசுதான் வேணும்னு தேடி வாங்கின வண்டிக்கு ஸ்டியரிங் காலத்தை, அதான் வீலைத் தாங்குற தண்டை, மாத்தணுமாம். அது மேலயும் கீழயும் சாயணுமாம். ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காமலே ஒரே வேகத்துல ஓட்டுற க்ரூஸ் கண்ட்ரோல் வேற வைக்கணுமாம். ஏன்னு கேட்டா, சான் அன்டோனியோவுல இருந்து எல் பாசோவுக்கு 550 மைலு, கால் வலிக்குதாம். அந்த ரோட்டுல மேற்கால போகப் போக 80 மைல் வேகம்னு போர்டு வச்சிருக்கான். நம்ம கணக்குல 130 கிலோமீட்டரைத் தொடுது.

அந்த வேகத்துல ஓடுற வண்டிய எதை வச்சு நிறுத்துவீரு? நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்கு. நாலுக்கும் சேத்து ஒரே ஒரு லைன். எங்கயாச்சும் ஒரு ஹோஸ் கிழிஞ்சா மொத்தமும் காலி. அதை ரெண்டாப் பிரிச்சது அடுத்த வருசம், 1967 மாடல்ல. முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது 1971-ல. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடாம சாட்டைக்குப் பட்டுக் குஞ்சலம் கட்டுத கதையால்லா இருக்கு உம்ம கதை!

ஆனா ஸ்டியரிங் காலம் மாத்துறதை நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். உமக்கு அது சாயணும், தொப்பைக்கு எடம் வேணும். எனக்குக் காரணம் வேற. உம்ம வண்டியில இருக்கிற இரும்பு ராடுக்கு மடங்கத் தெரியாது. முன்னால எதுலயாவது மோதினா நேரா நெஞ்சுக்கு வரும். மோதினா உள்வாங்குற காலத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்கள்ல வச்சான். 1968-ல காருக்கெல்லாம் சட்டமாவே போட்டாச்சு. பிக்கப்புக்கு அந்தச் சட்டம் வர 1981 செப்டம்பர் ஆச்சு. பிக்கப் ஓட்டுதவன் நெஞ்சு கொஞ்சம் கெட்டின்னு நெனச்சிருப்பான் போல. அதனால, எடுக்கிறதுதான் எடுக்கீரு, அதுக்கப்புறம் செஞ்ச வண்டியிலருந்து எடும். சாயுற காலமா, இண்டிகேட்டர் குச்சியிலயே க்ரூஸ் பட்டன் உள்ளதாப் பாத்து எடும்.

எடுக்கும்போது சுத்தியலைத் தூர வையும். வீல் கழலலைன்னா ராடு தலையில ஒரு போடு போடுறதுதான் நம்ம பழக்கம். உள்வாங்குற காலத்துக்குள்ள பிளாஸ்டிக் ஆணி இருக்கு. மோதும்போது உடையணும்னே வச்சது. நீரு அடிச்ச அடியில அது உடைஞ்சா வெளிய ஒண்ணும் தெரியாது, பெயிண்ட் அடிச்சு அழகா மாட்டிருவீரு. புல்லர் போட்டுத்தான் வீலைக் கழட்டணும்.

இன்னொண்ணு கேக்குதேன், உம்ம வண்டிக்குக் கியர் எங்க இருக்கு? ஸ்டியரிங்குக் கீழயே கையில போடுற மூணு கியர்னா, ஆட்டோமேட்டிக் வண்டிக் காலத்தைக் கொண்டாந்து மாட்டுன அன்னைக்கு கியர் போட வழியில்லாம முழிப்பீரு. சாவியும் டேஷ்போர்டுல இருந்து காலத்துக்கு வந்துரும், ஒயரிங்கைத் திரும்ப இழுக்கணும். காலமும் ஸ்டியரிங் பாக்ஸும் சேருற எடத்துல ரப்பர் வச்ச ஒரு கப்ளிங் இருக்கும். ரெண்டு பக்கத்துப் பல்லையும் எண்ணி, பொருந்துற கப்ளிங்கா வாங்கும். ‘அதை விடு சார், நான் வெல்டிங் வச்சுத் தாரேன்’னு எவனாச்சும் வந்தா, ஒரு காபியைக் குடுத்து அனுப்பி வச்சிரும்.

ஸ்டியரிங் பாக்ஸுல ஆட்டம் இருந்தா காலம் புதுசானாலும் அந்த ஆட்டம் போகாது. அதையும் பாத்துக்கிடும்.

இப்ப க்ரூஸுக்கு வாரேன். அதைக் கண்டுபிடிச்சவரு ரால்ஃப் டீட்டர், இண்டியானாக்காரரு. அஞ்சு வயசுல கண்ணு போச்சு, ஆனாலும் இஞ்சினியர் ஆனாரு. அவரு வக்கீலு கார் ஓட்டும்போது பேசினா மெதுவாப் போவாராம், கேட்டா வேகம் எடுப்பாராம். பக்கத்துல உக்காந்து குலுங்கிச் சலிச்ச மனுசன், 1950-ல பேட்டன்ட் வாங்கிட்டாரு. 1958-ல க்ரைஸ்லர்காரன் வண்டியில வச்சான். நீரும் பேசிக்கிட்டே ஆக்சிலரேட்டரை விடுற ஆளுதான், உமக்கு அது தேவைதான்னு உம்ம பொண்டாட்டிகிட்ட நானே சிபாரிசு பண்ணுதேன்.

பழைய மாதிரி க்ரூஸுன்னா எஞ்சின் உறிஞ்சுற காத்தை வச்சு ஒரு டயாஃப்ரம், அதுலருந்து ஒரு சங்கிலி, அது கார்புரேட்டரை இழுக்கும். பிரேக்குல கால் வச்ச உடனே கரண்டை வெட்டுறதுக்கு ஒரு சுவிட்ச், உள்ளே காத்தை விடுறதுக்கு ஒரு வால்வு. ரெண்டும் வேணும். ஒண்ணு போதும்னு கடைக்காரன் சொன்னா, அவனையே பக்கத்து சீட்டுல ஏறி உக்காரச் சொல்லும். கிளட்ச் வண்டின்னா அதுக்கும் ஒரு சுவிட்ச். இல்லைன்னா க்ரூஸ் ஓடும்போது கிளட்சை மிதிச்சா எஞ்சின் ஊளையிடும். கார்புரேட்டரை மூடுற ஸ்பிரிங்குல கஞ்சத்தனம் பண்ணாதீரும்.

இப்ப கடையில விக்கிற எலக்ட்ரானிக் செட்டு பலதுல ஒரு வேடிக்கை உண்டு. அது பின்னால இருக்கிற பிரேக் லைட் பல்பு வழியா எர்த்தைத் தேடும். நீரு பவுசுக்கு எல்இடி மாட்டியிருந்தா எர்த் கிடைக்காது, க்ரூஸ் ஏறவே ஏறாது. பத்து நாள் தலையைச் சொறிஞ்சு, கடைசியில விக்கிறவனைத் திட்டுவீரு. உம்ம வண்டியில பிரேக் லைட்டு ஒயரே இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாத்தான் போகுது. அதனால காலம் மாத்தின அன்னைக்கு பிரேக்கை மிதிச்சா பின்னால சிவப்பு ரெண்டு பக்கமும் எரியுதான்னு ஒரு ஆளை நிறுத்திப் பாரும்.

பிரேக்கு வேலை முடியாம க்ரூஸ் செட்டுக்கு ஆர்டர் போடாதீரும். அது வந்த பிறகும் மழையில அந்தப் பட்டனைத் தொடவே தொடாதீரும். காசு பத்தலைன்னா மாமன்கிட்டக் கேக்காதீரும், அம்பாசடரை வித்த காசு என்னாச்சுன்னு நான் கேப்பேன்.