தங்கப் பேனாவால் ஒழிந்த போர்

ஃபிராங்க் கெல்லாக். பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ் கெல்லாக் வேறு ஆள். இவர் 1928-இல் உலகத்தில் போரையே சட்டவிரோதம் ஆக்கியவர். சிரிக்காதீர்கள், நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்!

தொழில் வக்கீல். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை உடைத்த வழக்கில் அமெரிக்க அரசுக்காக வாதாடியவர். பிறகு மினசோட்டா செனட்டர். 1922 தேர்தலில் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்; ஜனாதிபதி லண்டனுக்குத் தூதராக அனுப்பினார். 1925-இல் வெளியுறவு அமைச்சர். தோற்றவருக்கு பிரமோஷன் கொடுப்பது நம்மூர் வழக்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

1927-இல் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் பிரியாண்ட் ஒரு தூண்டில் போட்டார். 'நாம் இருவரும் ஒருவரோடு ஒருவர் போர் செய்யமாட்டோம் என்று எழுதிக்கொள்வோமா?' அதையும் நேராக அமெரிக்க மக்களுக்கே சொல்லிவிட்டார். கெல்லாக்குக்கு ரத்தம் கொதித்தது. கையெழுத்துப் போட்டால் பிரான்ஸின் சண்டையில் கால் மாட்டிக்கொள்ளும். மறுத்தால் சமாதான விரோதி.

வக்கீல் மூளை வேலை செய்தது. பர்சனலாக வந்த மெசேஜுக்குப் பதில் போடாமல், வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்து ஊரையே உள்ளே இழுத்துப் போடுவார்களே, அதைத்தான் செய்தார். எல்லா நாடும் கையெழுத்துப் போடட்டுமே! நழுவப் போனவர் மகாத்மா ஆகிவிட்டார்.

1928 ஆகஸ்ட் 27, பாரிஸ். 15 கையெழுத்து. லெ ஆவ்ர் நகரம் கெல்லாக்குக்குத் தங்கப் பேனா பரிசளித்தது. தற்காப்புக்குப் போர் செய்யலாம் என்பது முன்பே பேசிவைத்த விலக்கு. எது தற்காப்பு? அதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். என்ன பெருந்தன்மை!

அமெரிக்க செனட் ஒப்பந்தத்துக்கு 85-க்கு 1 என்று ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே 15 போர்க்கப்பல் கட்டவும் ஒப்புதல் அளித்தது.

நோபலுக்காக கெல்லாக் வெட்கப்படாமல் ஆள் பிடித்தார். 1929-க்கான பரிசு 1930-இல் கைக்கு வந்தது. மறு வருஷமே, கையெழுத்துப் போட்டிருந்த ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. போர்ப் பிரகடனம் செய்யவில்லை. சட்டத்தை மதிக்கிற நாடு பாருங்கள்.

கையெழுத்துப் போட்ட அந்த 15 நாடுகளில் இந்தியாவும் உண்டு. நமக்காகப் போட்டவர் கஷெண்டன் என்ற பிரிட்டிஷ் பிரபு. போர் வேண்டாம் என்றபோதும் நம்மைக் கேட்கவில்லை. 1939-இல் போருக்கு இழுத்தபோதும் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தை இதுவரை யாரும் ரத்து செய்யவில்லை. போர் இன்றைக்கும் சட்டவிரோதம்தான்.