மலையிறங்கியும் ஜாகிர்தான்

கரியாலூரிலிருந்து பஸ் ஏறி, மலையிறங்கி, கள்ளக்குறிச்சிக்குக் கல்லூரிப் படிப்புக்கு வரும் தங்கச்சிக்கு வாழ்த்துகள். பதினெட்டு ஆகிவிட்டதா? நாட்டை யார் ஆள்வது என்று தீர்மானிக்கும் தகுதி உனக்கு வந்துவிட்டது. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பு எங்கே என்று உன் சார்பில் யார் கேட்பது என்று தீர்மானிக்க மட்டும் இன்னும் பக்குவம் போதாது. அதற்கு எச்.ஓ.டி. இருக்கிறார்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் மாணவர் பேரவைத் தலைவர் இப்படித்தான் பிறக்கிறார். வாய் திறக்காத பிள்ளையாக, விருந்தினர் வந்தால் பொன்னாடைத் தட்டை ஆடாமல் ஏந்தும் பிள்ளையாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள்.

உன் ஊர் இருக்கும் கல்வராயன் மலைக்கு இது பழகிய ஏற்பாடு. 1976 வரை ஜாகிர்தார்கள் ஆண்ட மலை. அவர்களுக்கு யாரும் ஓட்டுப் போட்டதில்லை. அரசு அந்த மலையை எடுத்துக்கொண்டதும் நெருக்கடி நிலையில், நாடே தேர்தலைத் தொலைத்து நின்ற ஆண்டில். முகூர்த்தம் அப்படி! மலையில் ஒழிந்த ஜாகிர் அடிவாரத்தில் பிரின்சிபால் அறையில் சௌக்கியமாக இருக்கிறது.

கேட்டால், “படிக்கிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு?” என்பார்கள். யார் சொல்வது? கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் இன்று இணைந்திருக்கும் அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ராசேந்திரன், 1965 இந்தி எதிர்ப்பில் போலீஸ் குண்டுக்குச் செத்தார். இரண்டே ஆண்டில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் அந்தப் போராட்டத்து மாணவர் தலைவர். மாணவர் ரத்தத்தில் கோட்டைக்குப் பாதை போட்டவர்கள், மாணவர் கையில் ஓட்டுச்சீட்டைக் கண்டால் நடுங்குகிறார்கள். 2013-ல் ஈழத் தமிழருக்காக மாணவர்கள் திரண்டபோது அரசு கண்ட தீர்வு, கல்லூரிகளை இழுத்துப் பூட்டுவது.

“தேர்தல் வைத்தால் அடிதடி வரும்.” வைக்காததால் அமைதியா? சென்னையில் மாணவர்கள் பஸ்ஸை மறித்துக் கொண்டாடும் பஸ் டேவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது 2011-ல். பஸ் ரூட்டுக்கு ஒரு மாணவர் தலைவன் என்ற ‘ரூட்டு தல’ பதவி மட்டும் காலியாகவே இல்லை. “பணம் விளையாடும்.” 2017-ல் ஆர்.கே. நகரிலும் 2019-ல் வேலூரிலும் பணம் விளையாடித் தேர்தலே ரத்தானது. அங்கே கவர் கொடுத்தது எந்த பி.ஏ. இரண்டாமாண்டு மாணவன்?

இத்தனைக்கும் மாணவர் தேர்தலுக்கு விதி இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2006-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாய்க்குள். அரியர் கூடாது. 75 சதவீத வருகை வேண்டும். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். இதையே சட்டமன்றத்துக்கும் வைத்தால் எத்தனை பேர் மனுத் தாக்கல் செய்வார்கள் என்று எண்ணிப்பார்க்க ஒரு கை விரல்கள் போதும்.

அந்தக் குழு நியமன முறையையும் மறக்கவில்லை. சூழ்நிலை சரியில்லாத இடத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாண்டுக்குள் தேர்தலுக்கு மாறிவிடுங்கள் என்றது. கெடு 2011-லேயே முடிந்துவிட்டது.

தங்கச்சி, கல்லூரி திறந்த ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பதும் அதே பரிந்துரைதான். அதை ஒரு தாளில் எழுது. வகுப்பில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு. பிரின்சிபால் மேஜையில் வைத்துவிட்டு, தேதி சொல்லும்வரை அங்கேயே நில்.