நீர்த்தடை விசாரம்: யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கோல்ஃப் ஆடுதல் பற்றியதோர் ஆராய்ச்சி

பாயிரம்

கற்றற்குரிய கலைகளை அறுபத்து நான்கென வகுத்த பெரியோர், ஒரு சிறு வெள்ளைப் பந்தை வளைந்த தடியினால் அடித்துக் குளத்துள்ளே போக்கி, போக்கிய பின் காற்றையும் தடியையும் தடி சுமந்து வந்த பையனையும் முறையே நிந்திக்கும் கலையை அத்தொகையுட் சேர்க்காது விட்டமைக்கு, அக்கலை அவர் காலத்திற் பாரத தேசத்துக்கு வந்து சேராமையே காரணமாதல் வேண்டும். கோல்ஃப் எனப்படும் இவ்வாட்டம், குடிகள் வில்வித்தையை மறந்து இதிலே பித்துக்கொண்டனர் என்று 1457ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் தடைவிதிக்குமளவுக்கு அங்கே பிரசித்தி பெற்றிருந்தது. தடையால் வளர்ந்த இவ்வாட்டத்துக்கு 1744இல் லீத் என்னும் ஊரிலே பதின்மூன்று சூத்திரங்கள் கொண்ட நூலொன்றும் தோன்றிற்று.

அவற்றுள் ஐந்தாஞ் சூத்திரமே இவ்வாராய்ச்சிக்கு விஷயமாவது. நீரில் வீழ்ந்த பந்தை எடுத்து, நீருக்குப் பின்னே வைத்து அடிக்கலாம்; அங்ஙனம் எடுத்தமைக்காக எதிரிக்கு ஓரடி விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பிற்காலத்துப் பண்டிதர்கள் அச்சூத்திரத்துக்கு விருத்தியும் விசேட உரையும் எழுதிப் பெருக்கி, 2019இல் நீர்த்தடை என்னும் பெயரையே ஒழித்துத் தண்டப் பிரதேசம் எனப் பொருள்படும் புதுப்பெயரும் சூட்டினர். ஆயினும் ஓரடித் தண்டம் மாத்திரம் இன்றளவும் நிலைபெற்றிருக்கின்றது.

இலங்கையில் இவ்வாட்டம் 1879இற் கொழும்புக் காலிமுகத்திடலிலே சங்கம் கூட்டி, 1896இற் பொறளைப் பக்கத்துக்குப் பெயர்ந்து, இன்று களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் ஊடறுத்தோடும் நிலத்திலே நடைபெற்று வருகின்றது. நுவரெலியாவிலோ 1889 முதல் மலைக்குளிரிலே நடைபெறுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாத்திரம் பொதுமக்கள் சென்றாடத்தக்க கோல்ஃப் வெளி ஒன்றேனும் இல்லாதிருத்தல் என்னை? இவ்வினாவுக்கு விடை காணுதலே நம் நோக்கம். சைவ சித்தாந்த நூல்களிற் பயின்ற நாட்டவர்க்கு எழுதப்படும் கட்டுரையாதலின், பிறர் கொள்கையை முன்வைத்து மறுக்கும் பரபக்கமும், நம் கொள்கையை நிறுவும் சுபக்கமுமாக இதனை வகுத்துக்கொண்டோம்.

பரபக்கம்

முதலாவது சாரார், வெயிலே காரணம் என்பர். மார்ச்சு மாதத்து வெயிலிலே, 1904 முதல் யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் பொருதும் வடக்கின் பெருஞ்சமரை, தலையிற் கைக்குட்டையோடு நாள் முழுதும் நின்று பார்த்து, மாலையிற் குரல் கம்ம வீடு திரும்பும் கூட்டத்தை அவர் கண்டிலர் போலும்.

இரண்டாவது சாரார், நிலம் போதாது என்பர். பதினெட்டுக் குழி கொண்ட வெளிக்குப் பெரும்பாலும் நூறு ஏக்கருக்குக் குறையாத நிலம் வேண்டும் என்பது உண்மையே. பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும் நம் கணக்கில் அது 1,600 பரப்பு. ஆயினும், வரகு விதைப்புப் பரப்பொன்றுக்குப் பதினெட்டுக் குழி என நம் நொத்தாரிசுமார் தலைமுறை தலைமுறையாக உறுதி எழுதி வருகின்றனர் என்பதும், செயின்ட் அன்ட்ரூஸ் பெருவெளியார் 1764இலேதான் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தனர் என்பதும் சிந்திக்கத்தக்கன. ஓரேக்கரிற் பதினாறு கோல்ஃப் வெளி அமைந்து கிடக்கும் நாட்டை நிலமில்லா நாடு என்பது பொருந்தாது.

மூன்றாவது சாரார் கூற்றே நின்று மறுக்கற்பாலது. ஆறில்லா ஊரில் நீர்த்தடை ஏது என்பது அவர் வாதம். நிரந்தரமாக ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் தண்டப் பிரதேசத்தின் இலக்கணத்தை உற்று நோக்கின், குளமேனும் வாய்க்காலேனும் நீர் வற்றிக் கிடந்த காலத்தும் தண்டப் பிரதேசமே என அது விதித்திருத்தல் புலனாகும். ஆடி மாதத்தில் வெடித்துக் கிடக்கும் குளத்தடியிலே புழுதி பறக்கப் பந்தடித்தவனும் நீரில் வீழ்ந்தவனாகவே கருதப்படுவான். நீரின்றியே நீர்த்தடை உண்டு என்னும் இச்சூக்ஷுமத்தை, புளோரிடாவிற் சோகிராஸ் என்னுமிடத்திலே தீவுபோன்ற புற்றரையைச் சூழ நீர் நிரப்பி, 137 யார் தூரத்திலிருந்து அடிப்போரை அஞ்சச்செய்யும் அமெரிக்கர் உணர்ந்தாரல்லர். நம் வழுக்கையாறு உணர்ந்திருக்கின்றது. மாரியில் அராலிக் கடனீரேரியை நோக்கி ஓடியும், கோடையில் வயலோடு வயலாக மறைந்தும், அது இரு பருவத்தும் தண்டம் வாங்கவல்லது.

இனித் தடைகளை முறையே எண்ணுவோம். முற்றவெளியில் முதலடி அடிப்பவனுக்கு இடப்புறம் ஒல்லாந்தர் கோட்டையின் அகழி. அப்பால் பண்ணைக் கடல். அங்கிருந்து சற்றே நகரின் புல்லுக்குளம், பின்னர் ஆரியகுளம். நல்லூரிலே, தமிழ் மன்னர் காலத்ததாகிய யமுனா ஏரி 'ப' வடிவினதாதலின், ஒரு நீரைத் தாண்டியவன் மறுநீரில் வீழ்தற்கு ஏதுவாக அமைந்தது. யமுனை தீர்த்தம் அதிற் கலக்கப்பட்டதென்பது ஐதிகமாகையால், பந்து இழந்தவனுக்குப் புண்ணியமேனும் எஞ்சும். மணற்றடைக்கு வடமராட்சிக் கிழக்கு மணற்காட்டு மேடுகள் போதும். 1954இல் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி வடமராட்சிக்குக் கொண்டுவருமாறு 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை வரைந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்களின் எண்ணம் முற்ற நிறைவேறியிருக்குமாயின், உலகத்திலேயே பெரிய நீர்த்தடைக்கு நாம் சொந்தக்காரராயிருந்திருப்போம். ஆகவே நீரில்லை என்பார் வாதமும் வீழ்ந்தது.

சுபக்கம்

நம் சித்தாந்தமாவது: குடாநாட்டிற் கோல்ஃப் நிலையாமைக்குக் காரணம், நீர் அங்கே தடையாகாது, ஆதனமாயிருத்தலே. இதனை நான்கு ஏதுக்களால் நிறுவுதும்.

முதலாவது, எல்லை. தண்டப் பிரதேசத்தின் எல்லையை மஞ்சள், சிவப்பு முளைகளாற் காட்டுதல் மரபு. அம்முளைகள் அடிக்கு இடைஞ்சலாயிருப்பின் ஆடுவோன் பிடுங்கி வைத்துவிட்டு அடிக்கலாம் என்பதும் விதி. பிறர் வேலிக் கதியாலை இராக்காலத்தில் ஒரு சாண் தள்ளி நடும் கலையிலே புகழ்பெற்றதோர் நாட்டில், பட்டப்பகலிற் பிடுங்கலாம் என்று அச்சிட்டுக் கொடுத்தால் விளைவு யாதாகும்? முதல் ஆட்டம் முடிவதற்குள் குளம் ஒருவர் காணிக்குட் போய்விடும். இரண்டாம் ஆட்டத்துக்கு முன் அப்புக்காத்துமார் இருவர் வந்துவிடுவர். சிவப்பு முளையிலிருந்து தடியின் நீளத்தில் இருமடங்கு தூரத்துக்குட் பந்தைப் போட்டு அடிக்கலாம் என்னும் சலுகையோ, நில அளவையாளரையும் வரவழைத்துவிடும்.

இரண்டாவது, கிணறு. கடல், ஏரி, குளம், ஆறு, வாய்க்கால் என்பவற்றைப் பெயர் சுட்டித் தொகுத்த கோல்ஃப் நூலார், கிணற்றை எவ்விடத்தும் சுட்டினாரல்லர். வளவுக்கொரு கிணறு, தோட்டத்துக்கொரு துலா என வாழ்ந்த நாட்டாருக்கு இது சிறு குறையன்று. கட்டுக் கிணறு மனிதரால் ஆக்கப்பட்டதாதலின் பெயராத் தடங்கலேயாம், தண்டமின்றிப் பந்தெடுக்கலாம் என்று ஒருவர் வாதிக்கக்கூடும். நீர் நிறைந்ததாதலின் குளத்தின் இனமேயாம், ஓரடி தண்டம் என்று மற்றவர் மறுக்கக்கூடும். இவ்விவாதம் முடியுமுன் கிணற்றுக்குரிய ஆச்சி வெளியே வந்து, "தம்பிமார், உந்தப் பந்தைக் கிணத்துக்கை போட்டிட்டு ஆரைக் கேட்டு வளவுக்கை நிக்கிறியள்? இனி ஆர் உந்தத் தண்ணியைக் குடிக்கிறது?" என்று வினவுவாராயின், அவ்வினாவுக்கு விடை 1744ஆம் ஆண்டு நூலிலுமில்லை, 2019ஆம் ஆண்டு நூலிலுமில்லை. பந்தைத் தேடுதற்கு இந்நாளில் விதிக்கப்பட்ட அவகாசம் மூன்று நிமிடம். அயல்வீட்டுக்குப் போய்ச் சுகம் விசாரித்துப் பாதாளக்கரண்டி இரவல் பெறுதற்கே அது போதாது.

இவ்விடத்தே ஒன்று கூறாது விடின் ஆராய்ச்சி பக்ஷபாதமுடையதாகும். கிணற்றுக் கட்டில் ஏறி அள்ளத்தக்கார் இவர், எட்ட நின்று பிறர் வார்க்க ஏற்கத்தக்கார் இவர் என நம் முன்னோர் சாதி பற்றி வகுத்து நடத்திய விதி, அங்கத்தவரல்லாதார் உட்புகலாகாது என வாயிலில் எழுதிவைத்த கோல்ஃப் சங்கங்களின் விதியினுங் கொடிது. சங்கத்தினுட் புகாதார் தாகத்தால் வருந்தினாரல்லர். நீரைத் தடையாக்கும் வித்தையை நமக்குக் கற்பிக்க வெள்ளைக்காரர் வரவேண்டியிருந்ததில்லை.

மூன்றாவது, பிரமாணம். பந்து நீரில் வீழ்ந்தமை நிச்சயமாகத் தெரிதல் வேண்டும், அன்றேல் பெரும்பாலும் நிச்சயமாதல் வேண்டும் என்று கோல்ஃப் நூல் கூறும். நம்மவர்க்கோ காட்சி, கருதல், உரை என அளவை மூன்று. பந்து வீழக் கண்டது காட்சி. புகை கண்டவிடத்து நெருப்பு உண்மை கொள்வதுபோல, வளையம் பரவிய நீரிலே பந்து உண்மை கொள்வது கருதல். உரைதான் சங்கடம் விளைப்பது. நிலாவரைக் கேணியிலே போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியிலே மிதக்கும் என்பது நம் நாட்டு ஐதிகம். வானரசேனையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது எனப்படும் அக்கேணியிற் பந்து வீழின், அது சுண்ணாம்புக்கல்லின் குகைவழியே பல மைல் சென்று கீரிமலையில் நீராடுவோர் நடுவே எழும். எழின், பந்து தடையின் கரையை இறுதியாகக் கடந்த இடம் புத்தூர்ப் பக்கமா, நகுலேஸ்வரப் பக்கமா? ஓரடியில் இத்துணைத் தூரங் கடத்தியவனுக்குத் தண்டமா, பரிசா? எனினும் இவ்வாசங்கைக்குப் பரிகாரமுண்டு. தேசிக்காய் மிதக்கும், பந்தோ 1.68 அங்குல விட்டமும் 1.62 அவுன்சு வரையான நிறையும் உடையதாய் நீரினுங் கனத்திருத்தலின், நிலாவரையின் மேலுள்ள நன்னீரிலுந் தாழும், அடியிலுள்ள உவர்நீரிலுந் தாழும். ஆகவே ஆகமப் பிரமாணம் தேசிக்காய்க்கு மாத்திரம் உரியதென்று கொள்க.

நான்காவது, உரித்து. 1707இல் ஒல்லாந்த அதிகாரி இசாக்சு என்பார் தொகுத்தளித்த தேசவழமை, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பாகுபடுத்தும். தந்தை விட்டுச்சென்ற பந்து முதுசம். மாமனார் பையோடு அளித்தது சீதனம். விவாகத்தின் பின் குளத்திலிருந்து தானே பொறுக்கியது தேடியதேட்டமாதலின் அதிற் பாதி இல்லாளுக்குரியது. அரைப் பந்தால் ஆடுதல் எங்ஙனம்? இன்னும், நம் உறுதிகளிலே காணியோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்படுதலின், ஒரு கிணற்றிற் பதினாறிலொரு பங்குடையார் கொழும்பிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் இருத்தல் கூடும். அவர் எல்லோருடைய சம்மதமும் பெற்றபின் பந்தை எடுப்பதாயின், அடித்தவன் பேரனே அடுத்த அடியை அடிப்பான்.

முடிபு

இவ்வாற்றால், நீரைக் கடந்து செல்லவேண்டிய இடையூறாகக் கொள்ளும் ஆட்டம், நீரைப் பங்கிட்டும் வழக்காடியும் பாதுகாத்த நாட்டில் வேர்விடாமை இயல்பேயென்று பெறப்பட்டது. எஞ்சியது ஒன்று. கோல்ஃபிலே தண்டம் ஓரடிதான். குடாநாட்டிலே தண்டம் வேறு. நம் கிணறுகளின் நன்னீர், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கிக் கடல்நீரின் மேலே மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் தாங்கும் என்பது நீரியலார் கணக்கு. ஆதலின் மேலே ஓரடி குறைய இறைத்தவன், கீழே நாற்பதடி உவரை மேலேற்றியவனாவான். அத்தண்டத்தைச் செலுத்திவிட்டுக் கரைக்குப் பின்னே நின்று மறுபடி அடிக்கலாம் என்னும் சலுகை எந்நூலிலும் இல்லை.

ஆகலின் எம் தீர்ப்பு இது: கோல்ஃபிலே விருப்புடையோர் நுவரெலியாவுக்குப் பயணஞ் செய்க, புற்றரைக்கு இறைக்கும் நீரை அங்குள்ள மழை கொடுக்கும். குடாநாட்டில் இருப்போர், மின்பம்பியின் விசையை வேண்டுமளவுக்கு மாத்திரம் திருப்பி, தூர்ந்து கிடக்கும் குளங்களை அடுத்த மாரிக்கு முன்னரே தூர்வாருவாராக. குளத்தை நிரவிக் கட்டடம் எழுப்ப நினைப்போர் எவராயினும், அவருக்கு ஓரடியன்று, ஊரார் வேண்டுமளவு அடி தண்டம் விதித்தல் தகும்.